ஒளித்து வைக்காத டிஃபென்ஸை எப்படிப் படிப்பது: 49-ஆவது சூப்பர் பவுலுக்கு முந்தைய 14 நாட்கள்

இரண்டு வாரமாக ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மேசையில் ஒரு நோட்டும் பக்கத்தில் லேப்டாப்புமாக உட்கார்ந்திருந்தேன். பத்து வருடத்துக்கு முன் நடந்து முடிந்த ஆட்டம் ஒன்றுக்கு, அது இன்னும் நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டு, தயாராகிப் பார்த்தேன். 2015 பிப்ரவரி 1, அரிசோனா மாநிலம் கிளெண்டேல், 49-ஆவது சூப்பர் பவுல். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸும் சியாட்டில் சீஹாக்ஸும் மோதிய, அந்த சீசனின் இறுதி ஆட்டம். இரண்டு அணிகளும் ஜனவரி 18 அன்று தங்கள் பிரிவின் இறுதியை வென்றன, ஆக நடுவில் சரியாக 14 நாள். அந்த 14 நாளில் பேட்ரியட்ஸ் பயிற்சியாளர்கள் கையில் என்னென்ன படம் இருந்திருக்குமோ அதை மட்டும் போட்டுப் பார்ப்பது, சியாட்டிலின் டிஃபென்ஸை எப்படி எதிர்கொள்வேன் என்று நோட்டில் எழுதுவது, கடைசி நாள் ராத்திரி ஆட்டத்தைப் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது என்று எனக்கு நானே விதி போட்டுக்கொண்டேன்.

நான் சொல்வது அமெரிக்கக் கால்பந்து, முட்டை வடிவப் பந்து வைத்து ஆடுவது. ஆட்டமே தெரியாதவர்களுக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும்: பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு, முன்னேறிவிட்டால் மறுபடியும் நான்கு. எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் டச்டவுன். இது தெரிந்தால் போதும், மற்றதைப் போகப் போகச் சொல்கிறேன்.

இந்த ஆட்டத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். உள்ளூர் உயர்நிலைப் பள்ளி அணிக்குப் பல வருடம் பயிற்சி கொடுத்தவர். அவரோடு உட்கார்ந்து பார்த்த முதல் ஆட்டத்திலேயே, பந்தைப் பார்ப்பதை விடு, டிஃபென்ஸில் எல்லாருக்கும் பின்னால் தனியாக நிற்கிறானே அவனைப் பார், பந்து கைக்கு வருவதற்கு முன் அவன் எந்தப் பக்கம் ஒரு அடி வைக்கிறான் என்று பார் என்றார். டிவியில் பார்த்தால் அது முடியாது, கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும், பின்னால் நிற்பவர் திரைக்கு வெளியே போய்விடுவார். ஆல்-22 என்ற படத்தில்தான் முடியும். மேலே உயரத்தில் வைத்த கேமரா, களத்தில் இருக்கும் 22 பேரும் தெரிவார்கள், பக்கவாட்டிலிருந்து ஒன்று, எல்லைக்குப் பின்னாலிருந்து ஒன்று. பயிற்சியாளர்கள் பார்ப்பது இதைத்தான். 2012-லிருந்து பணம் கட்டினால் நம்மைப் போன்றவர்களும் பார்க்கலாம் என்று ஆனது. அந்தப் படத்தைப் பார்க்கத் தொடங்கிய பிறகு டிவி ஒளிபரப்பு எனக்குப் பாதி ஆட்டமாகத்தான் தெரிகிறது.

சரி, சியாட்டில்.

2012, 2013, 2014 என்று தொடர்ந்து மூன்று வருடம் லீக்கிலேயே குறைந்த புள்ளி விட்டுக்கொடுத்த அணி. 2014-இன் கடைசி ஆறு லீக் ஆட்டங்களில் சேர்த்தே 39 புள்ளிதான் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய வருட சூப்பர் பவுலில், அந்த சீசனில் 606 புள்ளி எடுத்துச் சாதனை படைத்த டென்வரை 43-8 என்று தோற்கடித்தவர்கள். இப்படிப்பட்ட அணியைப் படிக்கப் போகிறோம் என்றால் ஏதோ பெரிய சிக்கல் முடிச்சு இருக்கும், நூறு விதமான வேஷம் போடுவார்கள் என்றுதான் முதலில் தோன்றும். படத்தைப் போட்டால் அப்படி ஒன்றுமே இல்லை. பத்து முறை பார்த்தால் ஏழெட்டு முறை ஒரே அமைப்பில் நிற்கிறார்கள், அதை மறைக்க முயற்சிகூடச் செய்வதில்லை. எனக்கு இவர்கள் மேல் மரியாதை வந்ததே இதனால்தான்.

அந்த அமைப்புக்கு கவர் 3 என்று பெயர். பதினொரு பேரில் நான்கு பேர் பந்து வீசுகிற குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்வார்கள். மூன்று பேர் ஆழத்தில், களத்தின் அகலத்தை மூன்று பங்காகப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு பங்கைக் காப்பார்கள். மீதி நான்கு பேர் அதற்கு முன்னால், குறுக்காக. இரண்டு ஓரங்களிலும் கார்னர்பேக், நட்டநடுவில் ஆழத்தில் ஃப்ரீ சேஃப்டி. தலைமைப் பயிற்சியாளர் பீட் கேரல் இந்தப் பாணியை 1977-இல் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் மான்டி கிஃபினிடம் வேலை பார்த்த காலத்தில் கற்றுக்கொண்டு, பிறகு தன் இஷ்டத்துக்கு வளைத்துக்கொண்டவர். ஆக, ரகசியம் ஒன்றும் கிடையாது. கல்லூரி அணிகளும் ஆடுகிற ஏற்பாடுதான்.

பிறகு ஏன் யாராலும் உடைக்க முடியவில்லை? ஆட்கள். நடுவில் ஆழத்தில் நின்ற எர்ல் தாமஸ், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக எடுக்கும் தேர்வில் 2010-இல் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டவர், ஒரே ஆள் இரண்டு ஆள் இடத்தைக் காப்பார். புத்தகத்தின்படி கவர் 3-க்கு இருக்கும் பலவீனம், நடு ஆளுக்கும் ஓர ஆளுக்கும் இடையில் இருக்கும் இரண்டு சந்துகள். வீசும் பந்தைப் பிடிக்க ஓடுகிற ரிசீவர்கள் நான்கு பேரை நேராக ஓடவிட்டால் மூன்று பேரால் நான்கு பேரைக் காக்க முடியாது, யாராவது ஒருவர் தனியாகக் கிடைக்க வேண்டும். தாமஸ் நடுவில் நின்றால் இந்தக் கணக்கு தப்பாகிவிடும். பந்து குவார்ட்டர்பேக் கையை விட்டுக் கிளம்பும்போதே அவர் கிளம்பியிருப்பார், இரண்டு சந்தும் அவருடையதுதான். இடப்பக்க ஓரத்தில் ரிச்சர்ட் ஷெர்மன், ஐந்தாம் சுற்றில் எடுக்கப்பட்டவர், ஸ்டான்ஃபோர்டில் ரிசீவராக இருந்து கார்னராக மாறியவர், அதனால் ரிசீவர் எங்கே திரும்புவான் என்பது அவருக்கு உள்ளிருந்தே தெரியும். கேம் சான்சலர் முன்னால் இறங்கி நிற்கும் சேஃப்டி, அவரும் ஐந்தாம் சுற்று, பாய்கிற நால்வருக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்களைப் போல முரட்டு உடம்பு. லைன்பேக்கர்களில் நடுவில் பாபி வாக்னர், பக்கத்தில் கே.ஜே. ரைட். பாய்கிறவர்களில் மைக்கேல் பென்னட், கிளிஃப் ஏவ்ரில். இவர்கள் நான்கு பேர் பாய்ந்தாலே போதும் என்பதால் ஐந்தாவது ஆளை அனுப்புவது அபூர்வம், ஆக எப்போதும் ஏழு பேர் பின்னால் மிச்சம்.

என் நோட்டின் முதல் பக்கத்தில் நான் எழுதியது ஷெர்மனைப் பற்றி. அவர் எப்போதும் ஒரே ஓரத்தில் நிற்பார், எதிரணியின் நல்ல ரிசீவர் மறுபக்கம் போனாலும் கூடவே போகமாட்டார். 2014 செப்டம்பர் 4, சீசனின் முதல் ஆட்டத்தில் கிரீன் பே அணியின் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் ஒரு முடிவெடுத்தார்: அந்தப் பக்கம் வீசுவதே இல்லை. ஆட்டம் முழுக்க ஷெர்மனை நோக்கி ஒரு பந்துகூடப் போகவில்லை. பாதுகாப்பான வேலை மாதிரித் தெரியும். ஆனால் ஆல்-22-இல் பாருங்கள், மைதானத்தில் மூன்றில் ஒரு பங்கை ராட்ஜர்ஸ் தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தப் பக்கத்துக்கு உதவி தேவையில்லை என்றானதும் மிச்சம் பத்துப் பேரும் மறுபக்கத்துக்கு ஓர் அடி சாய்ந்து நிற்கிறார்கள். கிரீன் பே 36-16 என்று தோற்றது. ஜனவரியில் பிரிவு இறுதியில் அதே ராட்ஜர்ஸ் முதல் முயற்சியிலேயே ஷெர்மன் பக்கம் வீசினார், ஷெர்மன் எல்லைக்குள் அதைப் பிடித்துக்கொண்டார். இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிவானது: ஷெர்மன் பக்கம் ஆழத்தில் வீச வேண்டியதில்லை, ஆனால் அந்தப் பக்கம் ஆள் நிற்க வேண்டும், ஓட வேண்டும், ஷெர்மனுக்கு வேலை இருக்க வேண்டும்.

அடுத்து டென்வர் ஆட்டம். இதைத்தான் அதிக நேரம் பார்த்தேன். 43-8 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு டென்வர் ஒன்றுமே செய்யவில்லை என்று நினைக்கிறோம், ஆனால் அவர்களுடைய குவார்ட்டர்பேக் பெய்ட்டன் மேனிங் 49 முறை வீசி 34 முறை பந்தைச் சேர்த்திருக்கிறார், ரிசீவர் டெமேரியஸ் தாமஸ் 13 முறை பிடித்திருக்கிறார், அப்போது அது சூப்பர் பவுல் சாதனை. பந்து கைக்கு வந்துகொண்டேதான் இருந்தது. கைக்கு வந்த பிறகு என்ன ஆனது என்பதுதான் விஷயம். ஆட்டத்தின் ஆரம்பத்தில் டெமேரியஸ் தாமஸ் நடுவில் குறுக்காக ஓடி ஒரு சின்னப் பந்தைப் பிடிக்கிறார், பிடித்துத் திரும்புவதற்குள் எதிரே இறங்கி வந்த சான்சலர் நெஞ்சோடு மோதுகிறார், தாமஸ் வந்த திசைக்கே திரும்பிப் போகிறார். அந்த ஒரு மோதலைக் குறைந்தது இருபது தடவை ஓட்டிப் பார்த்திருப்பேன். சான்சலர் ஓடிவரவில்லை, காத்திருக்கிறார். அந்தப் பந்து அங்கே வரும் என்று அந்த அமைப்பே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது, ஏனென்றால் அதை அனுமதித்தவர்களே அவர்கள்தான்.

இங்கேதான் என் நோட்டு தலைகீழானது. அதுவரை இந்தச் சுவரில் எங்கே ஓட்டை என்று தேடிக்கொண்டிருந்தேன். சியாட்டில் ஓட்டையை மறைக்கவே இல்லை. முன்னால் நிற்கும் நான்கு பேர் 53 யார்டு அகலத்தைக் காக்க வேண்டும், ஆளுக்கு 13 யார்டுக்கு மேல், அது நடக்காத காரியம் என்று அவர்களுக்கே தெரியும். ஐந்து யார்டு வேண்டுமா எடுத்துக்கொள் என்கிறார்கள், ஆறாவது யார்டு மட்டும் கிடையாது. அதற்காக உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்திருக்கிறார்கள். 2014 கோடையில் கேரல் வெளியிட்ட ஒரு பயிற்சி வீடியோவே இருக்கிறது, ரக்பி பாணியில் தலையை விலக்கித் தோளால் எப்படிச் சாய்ப்பது என்று அடி அடியாகக் காட்டும். எதிரணி பொறுமை இழந்து ஆழத்தில் ஒன்றை வீசும்வரை இப்படியே ஐந்து ஐந்தாகக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள், அந்த ஒரு பந்துக்காகத்தான் எர்ல் தாமஸ் அங்கே நிற்கிறார். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குச் சுலபமாகப் புரியும்: எல்லைக்கோட்டில் ஆட்களை நிறுத்திவிட்டு ஒற்றை ரன்னைத் திறந்துவிடும் ஃபீல்டிங், நான்கு ஓவர் ஒற்றை ரன் எடுத்த மட்டைக்காரர் ஐந்தாவது ஓவரில் தூக்கி அடிப்பார் என்று காத்திருப்பது.

அப்படியானால் கேள்வி இதுதான்: அவர்கள் கொடுப்பதை எவ்வளவு நேரம் வாங்கிக்கொண்டே இருக்க முடியும்?

அதற்குப் பதில் சொன்ன அணி ஒன்று இருந்தது. 2014 செப்டம்பர் 14, சான் டியாகோ, கடும் வெயில். சார்ஜர்ஸ் 30-21 என்று சியாட்டிலை வென்ற ஆட்டம். அவர்களுடைய குவார்ட்டர்பேக் பிலிப் ரிவர்ஸ் 37 முறை வீசி 28-ஐச் சேர்த்தார், ஆட்டத்தின் 60 நிமிடத்தில் 42 நிமிடத்துக்கு மேல் பந்து அவர்களிடம்தான். டைட் எண்ட் ஆன்டோனியோ கேட்ஸ் மூன்று டச்டவுன். டைட் எண்ட் என்பவர் பாதி முரடர், பாதி ரிசீவர். ரிசீவரைவிடப் பெரிய உடம்பு, லைன்பேக்கரைவிட மென்மையான கை. படத்தில் பார்த்தால் ரிவர்ஸ் அவசரமே படவில்லை. நான்கு யார்டு, ஆறு யார்டு, மூன்று யார்டு. சியாட்டில் ஆட்கள் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்குவது கடைசிக் கால் பகுதியில் பக்கவாட்டுக் கேமராவில் தெளிவாகத் தெரிகிறது. அந்தப் பக்கத்தில் கேட்ஸ் பெயருக்கு நேராக 'கிரான்கௌஸ்கி' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன், ஏனென்றால் பேட்ரியட்ஸிடம் இருந்த டைட் எண்ட் ராப் கிரான்கௌஸ்கி, 6 அடி 6 அங்குலம், அப்போது அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

இன்னொரு படம், 2012 அக்டோபர் 14. இதே இரண்டு அணிகள், சியாட்டிலில். பேட்ரியட்ஸ் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி அன்று 58 முறை வீசி 395 யார்டு எடுத்தார், கடைசிக் கால் பகுதியில் 23-10 என்று முன்னிலையில் இருந்தும் 24-23 என்று தோற்றார். ஷெர்மனும் எர்ல் தாமஸும் ஆளுக்கொரு பந்தைப் பிடித்துக்கொண்டார்கள். யார்டு கிடைக்கும், அதில் சந்தேகமில்லை. சியாட்டிலிடம் யார்டு எடுப்பதும் சியாட்டிலை வெல்வதும் வேறு வேறு.

பந்தை வீசாமல் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதைப் பற்றி நான் அதிகம் எழுதவில்லை. பிரிவு இறுதியில் இண்டியானாபோலிஸுக்கு எதிராக பேட்ரியட்ஸின் லெகாரெட் பிளண்ட் 148 யார்டு ஓடியிருந்தார், 45-7 என்று வெற்றி. அதே மாதிரி சியாட்டிலுக்கு எதிராக ஓடலாம் என்று யாராவது நினைத்தால் வாக்னரின் படத்தை ஒரு மணி நேரம் பார்த்தால் போதும். பேட்ரியட்ஸும் அப்படித்தான் முடிவெடுத்திருக்கிறார்கள், சூப்பர் பவுலில் மொத்தமே 57 யார்டு ஓடினார்கள். போன ஆட்டத்தில் ஜெயித்துக் கொடுத்த ஆயுதத்தை அடுத்த ஆட்டத்தில் உறையிலேயே வைத்துவிடும் துணிச்சல் அவர்களுடைய தலைமைப் பயிற்சியாளர் பில் பெலிச்சிக்கிடம் இருந்தது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த குணம் அது.

வீட்டுப் பாடம் நோட்டோடு முடிவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பயிற்சியில் மாற்று ஆட்டக்காரர்கள் எதிரணி வேஷம் போடுவார்கள், அவர்களுடைய ஆட்டங்களை அப்படியே ஆடிக் காட்டுவார்கள். அந்த வாரம் சியாட்டில் வேஷத்தில் ஜிம்மி கரோப்பலோ பந்து வீச, எல்லைக்கு அருகில் ஆடும் ஓர் ஆட்டத்தில் மால்கம் பட்லர் என்ற புதுப் பையன் ஏமாந்து டச்டவுன் கொடுத்தார். எந்த அணியும் தேர்வில் எடுக்காத பையன் அவர். ஆட்டம் முடிய 20 விநாடி இருக்கும்போது ஒரு யார்டு கோட்டில் சியாட்டில் அதையே ஆடியதும், முன்னால் பிராண்டன் பிரௌனர் ஜெர்மெய்ன் கர்ஸை நகரவிடாமல் பிடித்து நிறுத்த, பட்லர் உள்ளே பாய்ந்து ரிக்கார்டோ லாக்கெட்டுக்கு வந்த பந்தைப் பறித்ததும் எல்லாருக்கும் தெரியும். பிரௌனர் அதற்கு முந்தைய வருடம் வரை சியாட்டில் ஆள். எல்லாரும் பேசுவது அந்தப் பந்தைப் பற்றித்தான், பேசட்டும். நான் உட்கார்ந்தது மறுபக்கத்தைப் படிக்க, அதாவது அந்த நிமிடம் வரை பேட்ரியட்ஸுக்கு 28 புள்ளி எப்படி வந்தது என்பதை.

என் நோட்டில் கடைசியாக எழுதிய திட்டம் இது. பந்து கையில் இரண்டரை விநாடிக்கு மேல் இருக்கக் கூடாது, பென்னட்டும் ஏவ்ரிலும் வந்துவிடுவார்கள். சான்சலர் காத்திருக்கும் நடு இடத்தைக் குறுக்காகக் கடக்காதே, ஓரத்துக்குப் போ. சின்ன உடம்பு, வேகக் கால் உள்ள ரிசீவர்கள் எடெல்மனையும் அமெண்டோலாவையும் உள்ளே போவது போல் போய் வெளியே திரும்பச் சொல். அப்புறம், பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிற ரன்னிங் பேக் ஷேன் வெரீனைக் குவார்ட்டர்பேக் பக்கத்தில் நிறுத்தாமல் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்து.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் விளக்கினால்தான் இந்த வேலையின் ருசி தெரியும். ஒரு ரன்னிங் பேக்கை ரிசீவர் மாதிரி ஓரத்தில் நிறுத்துவது பந்து கொடுக்க மட்டும் அல்ல, கேள்வி கேட்க. ஓரத்துக்குப் போன அவன் பின்னாலேயே ஒரு லைன்பேக்கர் வந்து நின்றால், அவர்கள் ஆளுக்கு ஆள் பிடிக்கப் போகிறார்கள். லைன்பேக்கர் நடுவிலேயே இருந்து, ரன்னிங் பேக்குக்கு எதிரே கார்னர்பேக் சும்மா நின்றால், ஆளை விட்டுவிட்டு இடத்தைக் காக்கப் போகிறார்கள். பந்து கைக்கு வருவதற்கு முன்பே பிரேடிக்குப் பதில் தெரிந்துவிடும். வேஷமே போடாத அணியிடம் இந்தக் கேள்விக்குப் பொய்யான பதில் வருவதும் குறைவு.

சரி, ஆட்டம்.

கடைசி ராத்திரி போட்டுப் பார்த்தேன். முதல் கால் பகுதியில் பிரேடி எல்லைக்கு அருகில் பென்னட் நெருக்கியதில் அவசரமாக வீச, சியாட்டிலின் ஜெரமி லேன் பிடித்துக்கொண்டு ஓடுகிறார், எடெல்மன் அவரைச் சாய்க்கிறார், விழுந்ததில் லேனின் கை முறிகிறது. அவர் ஆட்டத்துக்குத் திரும்பவில்லை. உள்ளே வந்தவர் தரோல்ட் சைமன். என் நோட்டில் பதினாறு பக்கம் இருந்தது, ஷெர்மன் பெயர் எத்தனை முறை இருக்கிறதோ தெரியாது, சைமன் என்ற பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. பிரேடி அவரைக் கண்டுபிடிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் கால் பகுதியில் பிராண்டன் லஃபெல் பிடித்த முதல் டச்டவுன், 11 யார்டு, சைமனுக்கு எதிராக.

இரண்டாவது டச்டவுன்தான் நான் கோடு போட்டு வைத்த பக்கம். முதல் பாதி முடிய 31 விநாடி. கிரான்கௌஸ்கி வழக்கமான இடத்தை விட்டு ஓரத்தில் தனியாகப் போய் நிற்கிறார். அவர் எதிரே யார் வருகிறார்? கே.ஜே. ரைட். லைன்பேக்கர். எல்லைக்குப் பின்னால் வைத்த கேமராவில் பாருங்கள், பிரேடி தலையைத் திருப்பி அந்தப் பக்கம் பார்க்கிறார், ஒரு நொடி, பிறகு வேறு பக்கம் பார்க்கிறார், அவ்வளவுதான், கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ரைட் நல்ல ஆட்டக்காரர், அந்த இடம் அவருடையது அல்ல. 22 யார்டு. எர்ல் தாமஸ் நடுவிலிருந்து கிளம்பினாலும் அந்தத் தூரம் யாருக்கும் எட்டாது. சியாட்டில் சும்மா இருக்கவில்லை, அந்த 31 விநாடிக்குள்ளேயே பதிலுக்கு ஒரு டச்டவுன் போட்டு 14-14 ஆக்கிவிட்டார்கள்.

மூன்றாம் கால் பகுதியைப் பார்க்கும்போது, முடிவு தெரிந்திருந்தும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கிரான்கௌஸ்கிக்கு வீசிய பந்தை வாக்னர் முன்னால் பாய்ந்து பிடிக்கிறார், அதிலிருந்து டச்டவுன், 24-14. டென்வர் நொறுங்கியது இந்த மாதிரி இடத்தில்தான். அவர்கள் பாதி ஆட்டத்திலேயே 22-0 என்று பின்தங்கிவிட்டார்கள், அதற்குப் பிறகு ஐந்து ஐந்து யார்டாக எடுத்து என்ன பிரயோஜனம், நேரம் தின்றுவிடும். சியாட்டில் கொடுப்பதை வாங்கிக்கொள்வது புள்ளி நெருக்கமாக இருக்கும்வரைதான் ஒரு திட்டம். பேட்ரியட்ஸ் பத்துப் புள்ளி பின்னால், ஒரே ஒரு கால் பகுதி பாக்கி. அந்த இடத்தில் திட்டத்தை மாற்றாமல் இருந்ததற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

இன்னொன்றும் நடந்தது. மூன்றாம் கால் பகுதியில் ஏவ்ரில் தலையில் அடிபட்டு வெளியேறினார். நான்கு பேர் பாய்ந்தால் போதும் என்பது சியாட்டிலின் அஸ்திவாரம், அந்த நால்வரில் ஒருவர் போனதும் பிரேடிக்கு அரை விநாடி அதிகம் கிடைக்கிறது. ஆல்-22-இல் எண்ணிப் பார்த்தேன், கடைசிக் கால் பகுதியில் அவர் கால் ஊன்றி நின்று வீசுகிறார், முதல் பாதியில் அந்த நிதானம் இல்லை. இன்னும் நியாயமாகச் சொல்வதானால் எர்ல் தாமஸ் தோளில் கிழிசலோடும், ஷெர்மன் முழங்கையில் அடியோடும், சான்சலர் முட்டியில் கிழிந்த தசைநாரோடும்தான் ஆடினார்கள். அப்படியும் முக்கால்வாசி ஆட்டம் அவர்கள் கையில்தான் இருந்தது.

எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் மேனிங் ஒரு பிடிப்புக்கு எடுத்தது சராசரியாக 8 யார்டு சொச்சம், பிரேடி எடுத்தது 9-க்குக் கொஞ்சம் குறைவு. 34 பிடிப்பு, 280 யார்டு ஒருவருக்கு, 37 பிடிப்பு, 328 யார்டு இன்னொருவருக்கு. ஒரே ஆட்டத்தை இரண்டு பேர் ஆடியது மாதிரித்தான் இருக்கிறது. வெரீன் மட்டும் 11 முறை பிடித்து 64 யார்டு எடுத்தார், முறைக்கு 6 யார்டுகூட வரவில்லை. அது சலிப்பான எண், ஆனால் சியாட்டிலுக்கு எதிராக அதைவிட நல்ல எண் எனக்குத் தெரியவில்லை.

கடைசிக் கால் பகுதியில் பிரேடி 15 முறை வீசி 13-ஐச் சேர்த்தார். அதில் ஒன்று 14 யார்டு தேவைப்பட்ட மூன்றாம் வாய்ப்பில் எடெல்மன் நடுவில் பிடித்த 21 யார்டு. சான்சலர் அவர் மேல் முழு வேகத்தில் மோதினார், டென்வர் படத்தில் பார்த்த அதே மோதல், எடெல்மன் பந்தை விடவில்லை, விழாமல் நான்கு அடி ஓடவும் செய்தார். நடுவைக் கடக்காதே என்று நான் எழுதி வைத்த பக்கத்தைப் பார்த்தேன். தேவைப்பட்டபோது கடந்திருக்கிறார்கள், அதற்கு யாரை அனுப்ப வேண்டும் என்றும் தெரிந்திருக்கிறது.

அந்த முயற்சியின் முடிவில், எல்லைக்கு நான்கைந்து யார்டு இருக்கும்போது, எடெல்மன் சைமனுக்கு எதிராக நின்றார். உள்ளே சாய்ந்து மூன்று அடி வைத்தார், சைமன் கூடவே உள்ளே வந்தார், எடெல்மன் குதிகாலை ஊன்றி வெளியே திரும்பினார். சுற்றிலும் ஆள் இல்லை. பிரேடியின் பந்து தலைக்கு மேல் போய்விட்டது. அந்த முறை டச்டவுன் அமெண்டோலாவுக்குப் போனது, 24-21, அதனால் தப்பிப்போன பந்தை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

பக்கவாட்டுப் படத்தில் அந்த இடத்தை நிறுத்தி வைத்துவிட்டு, ஆட்டம் முடிய 2 நிமிடம் 2 விநாடி இருந்த இடத்தை இன்னொரு சாளரத்தில் திறந்தேன். எல்லைக்கு மூன்று யார்டு. மறுபடியும் எடெல்மன், மறுபடியும் எதிரே சைமன். உள்ளே சாய்ந்து அடி வைக்கிறார். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பந்து கிளம்புவதற்கு முந்தைய கணத்தில் இரண்டையும் நிறுத்திப் பார்த்தால், சைமனின் எடை இரண்டிலும் உள்கால் மேல்தான் இருக்கிறது. எடெல்மன் திரும்பிவிட்டார். இந்த முறை பந்து அவர் நெஞ்சுக்கு வருகிறது.

நோட்டில் மிச்சமிருந்த கடைசிப் பக்கத்தில் சைமன் பெயரை எழுதினேன், பக்கத்தில் அந்தக் காலை வரைந்து வைத்தேன். மணி ஒன்றரை ஆகிவிட்டது, காலையில் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இரண்டு படத்தையும் காட்ட வேண்டும்.